கர்தினாலுக்கு ஒரு மனு

ரோமாபுரியில் புதிய பாப்பரசரைத் தேர்ந்தெடுக்கக் கர்தினால்மார்கள் வரிசையாக உள்ளே போவதை, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் இரண்டாம் கேட் எதிரில் இருக்கும் டீக்கடை டிவியில், ஒரே தெருவில் வளர்ந்த நாம் எல்லோரும் நின்று பார்த்தோம். "இன்னாடா இது, மொளகாப் பழம் காயப் போட்ட மாதிரி கீது" என்று உங்களில் ஒருவன் சொன்னான். சிரித்தோம். "இவங்கள்ளாம் இன்னா வேல பாக்கறாங்க? பிஷப்புக்கு மேலயா கீழயா?" என்று இன்னொருவன் கேட்டான். யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும். ஆனால் நாலு பேர் நடுவில் எனக்குப் பேச வராது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். டீயைக் குடித்துவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டேன். அன்று சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

நம் தெருவுக்கு ஒரு கர்தினால் வந்து போனார். நெடுஞ்சாலை ஓரம் கன்னியாஸ்திரீகள் கட்டிய ஆஸ்பத்திரியை மந்திரித்துத் திறந்து வைக்க வந்தவர், வழியில் நம் சிற்றாலயத்தில் பதினைந்து நிமிஷம் நின்றார். உங்களுக்கு அன்று கொடுத்த மிக்சர் பொட்டலமும் கலர் சோடாவும் ஞாபகம் இருக்கலாம். எங்கள் வீட்டில் அந்தப் பதினைந்து நிமிஷத்தைப் பற்றி வெகு நாள் யாரும் பேசவில்லை.

எனக்கு ஒன்பது வயது. நம் அப்பாக்கள் அடுத்தவர் நெல் வயலில் கூலிக்குப் போவதை விட்டு, கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் இரும்பு ரோலிங் மில்லில் சேர்ந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. கொடியில் காயும் வெள்ளை வேட்டி சாயங்காலத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடும். கோவில் பீடத்துத் துணியை விரலால் தடவினால் கறுப்பு ஒட்டும். மில் சங்கு மூன்று தரம் ஊதும். அதை வைத்துத்தான் அடுப்பு மூட்டுவதும் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவதும்.

அந்த வருஷம் எங்கள் வீட்டில் ஒரே பேச்சு, அக்காவுக்கும் மாமாவுக்கும் கல்யாணம். மாமா என்றால் அம்மாவின் கூடப் பிறந்த தம்பி. அக்காவுக்குப் பதினெட்டு, மாமாவுக்கு முப்பத்தொன்று. உலை முன்னால் நிற்கிற வேலை அவருக்கு. சூட்டில் புருவ மயிர் எல்லாம் கருகிப் போயிருக்கும். அதனால் அவர் எப்போதும் எதையோ கேட்டு ஆச்சரியப்பட்டவர் போலவே இருப்பார். அக்கா தொட்டிலில் கிடந்தபோதே அவள் அவருக்கு என்று அம்மா சொல்லிவிட்டாளாம். நம் ஜனத்தில் அது புதிது இல்லை. தாய்மாமனுக்குக் கொடுத்தால் பெண் கண் முன்னாலேயே இருப்பாள், சொத்து சண்டை வராது, மாமியார் தொல்லை இல்லை என்பார்கள்.

ஆனால் திருச்சபைச் சட்டத்தில் ரத்த உறவுக்குள் கல்யாணம் தடை. நடத்த வேண்டுமானால் ஆயரிடமிருந்து, அதாவது பிஷப்பிடமிருந்து, விலக்கு உத்தரவு வர வேண்டும். பங்குச் சாமியார், அதாவது நம் பகுதிப் பாதிரியார்தான் அதற்கு எழுதிப் போட வேண்டும். அந்த உத்தரவு ஆறு மாசமாக வரவில்லை.

சாமியார் தென்பக்கத்துக்காரர். உயரமான மனிதர். பங்கின் பெரிய கோவிலில் இருந்து ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் வந்து நமக்குப் பூசை வைத்துவிட்டுப் போவார். அம்மா ஒவ்வொரு வாரமும் பூசை முடிந்ததும் போய் நிற்பாள். ஒரு வாரம், "ஞானஸ்நான சர்டிபிகேட்ல பேரு சரியில்லம்மா, மாத்தி வாங்கிட்டு வாங்க" என்பார். மாற்றிக்கொண்டு போனால், "மாப்பிள்ளையோட சர்டிபிகேட் பழசா இருக்கு" என்பார். அதையும் கொடுத்தால், "எழுதணும்மா, எழுதுதேன்" என்பார். அம்மாவின் முகத்தைப் பார்க்கமாட்டார். மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டே பதில் சொல்வார்.

"தெக்கத்தி ஆளு. நம்ம ஜனம்னா அவுருக்கு எளப்பம்" என்றார் நைனா. அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்.

தெருவே அப்படித்தான் சொன்னது. அவர் சாதி பார்த்து இழுக்கிறார் என்று பெரியவர்கள் குழாயடியில் பேசியதைக் கேட்டுவிட்டுத்தான், நாம் மூன்று பேர் அவர் பூசை வைத்துக்கொண்டிருந்தபோது வண்டியின் இரண்டு சக்கரத்திலும் காற்றைப் பிடுங்கி விட்டோம். அவர் அந்த வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டே போனார். யார் செய்தது என்று அடுத்த வாரமும் கேட்கவில்லை. அது நமக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

அம்மாவுக்கு அவசரம் இருந்தது. மில்காரர்கள் கல்யாணமான ஆட்களுக்கு மட்டும் குவார்ட்டர்ஸ் கொடுக்கப் பட்டியல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஓடு போட்ட வீடு, உள்ளேயே குழாய். ஈஸ்டருக்கு முன்னால் வரும் பெருநோன்பு தொடங்கிவிட்டால் நாற்பது நாள் கோவிலில் கல்யாணம் கிடையாது. அதற்குள் பட்டியல் மூடிவிடும். நோன்புக்கு மூன்று வாரம் இருக்கும்போதுதான் கர்தினால் வரப்போகிறார் என்று உபதேசியார் வந்து சொன்னார்.

உபதேசியாரை உங்களுக்கு நினைவிருக்கும். கோவிலில் நமக்கு ஜெபம் சொல்லிக் கொடுத்தவர், அம்மாவுக்குச் சித்தப்பா முறை. பள்ளிக்கூடக் கரும்பலகையை வாங்கி வந்து அதில் ஓர் ஏணி வரைந்தார். கீழ்ப்படியில் ஜனங்கள், அடுத்த படியில் உபதேசியார், அதற்கு மேல் சாமியார், ஆயர், பேராயர், கர்தினால். உச்சியில் பாப்பரசர். தன் படியை மட்டும் கொஞ்சம் அகலமாகப் போட்டுக்கொண்டார்.

"கர்தினால் ஏன் செவப்பு கட்டறாரு?" என்று கேட்பார்.

"வேதத்துக்காக ரத்தம் சிந்தத் தயாரா கீறாருன்னு" என்று நாம் சேர்ந்து கத்த வேண்டும்.

"அவுரு எவ்ளோ பெரியவரு?"

"பாப்பரசருக்கு அட்த்தவரு."

நம்மில் ஒருவன் எழுந்து, "அப்போ பாப்பரசரு லீவு போட்டா இவுருதான் பாத்துக்குவாரா?" என்று கேட்டு அடி வாங்கினான்.

அன்று சாயங்காலம் உபதேசியார் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்து அந்த ஏணியை அம்மாவுக்கும் சொன்னார்.

"முன்சீப்பு முடியாதுன்னா இன்னா செய்வ? தாசில்தாராண்ட போவ. அவுரும் முடியாதுன்னா கலெக்டரு. இங்க சாமியாரு இழுக்கறாரு, பிஷப்புகிட்டருந்து லெட்டரு வரல. பிஷப்புக்கும் மேல ஆளு தானா நம்ம தெருவுக்கு வராரு. உட்ருவியா?"

"அவுரு கையெழுத்து போடுவாரா?"

"போட்டா யாரு மறுக்க முடியும்? சாமியாரு வாயப் பொத்திக்கினு ஓலை வாசிக்கணும்." ஓலை வாசிப்பது என்றால் கல்யாண அறிவிப்பைப் பூசையில் படிப்பது.

அம்மா அக்காவைப் பார்த்தாள். "கேட்டியாடி?" என்றாள். அக்கா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "உம்" என்றாள். சம்மதம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

மனு எழுத அம்மாவும் உபதேசியாரும் தாலுக்கா ஆபீசுக்குப் போனபோது என்னையும் இட்டுக்கொண்டு போனார்கள். எதிரில் ஒரு பாய் டைப்பு மிஷினோடு உட்கார்ந்திருப்பார். பட்டா, ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன் எல்லாவற்றுக்கும் மனு அடித்துத் தருவார். உபதேசியார் விஷயத்தைச் சொன்னதும் அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"கர்தினால்னா எந்த டிபார்ட்மெண்டு? ரெவின்யூவா?"

"மாதாகோயில் டிபார்ட்மெண்டு, பாய். ரொம்ப பெரிய அதிகாரி."

"ஹெட் ஆபீஸ் எங்க?"

"ரோமாபுரி."

பாய் சிறிது யோசித்தார். பிறகு 'பெறுநர்: உயர்திரு கர்தினால் அவர்கள், முகாம்: கும்மிடிப்பூண்டி' என்று அடித்தார். 'பொருள்: திருமண அனுமதி வழங்கக் கோருதல்' என்று அடித்தார். மனுதாரர் மிகவும் ஏழை என்றும், சமூகம் கருணை கூர்ந்து ஆவன செய்ய வேண்டும் என்றும் வந்தது. கடைசியில் கோர்ட்டு ஸ்டாம்பு ஒன்றை நாக்கில் நனைத்து ஓரத்தில் ஒட்டினார். "ஸ்டாம்பு இல்லாத மனு குப்பைக்குத்தான் போவும்" என்றார். அம்மா கைநாட்டு வைத்தாள். மை விரலில் இருந்து இரண்டு நாள் போகவில்லை.

கொடுக்க ஓர் ஆள் வேண்டும். பெரியவர்கள் யாராவது காகிதத்தோடு கிட்டப் போனால் சாமியார் வழியிலேயே வாங்கி வைத்துக்கொள்வார் என்று உபதேசியார் கணக்குப் போட்டார். மாலை போடுகிற பையனை யாரும் தடுக்கமாட்டார்கள். அப்படித்தான் நான் மாட்டினேன். நாலு பேர் பார்த்தால் கால் நடுங்குகிறவனை ஊருக்கு முன்னால் நிறுத்த ஏற்பாடாயிற்று.

ஒத்திகைக்கு உபதேசியார் மில்லில் இருந்து ஒரு பெரிய நட்டு கொண்டு வந்தார். அதைத் தன் விரலில் மாட்டிக்கொண்டு, "இதாண்டா மோதிரம். மாலையப் போடு, முட்டி போடு, மோதிரத்த முத்தி செய். அப்பால பாக்கெட்லருந்து மனுவ எடுத்து ரெண்டு கையாலயும் நீட்டு" என்றார். தினம் பத்துத் தடவை அந்த நட்டை முத்தமிட்டேன். உதட்டில் கிரீஸ் வாசனை ஒட்டிக்கொண்டது. நீங்கள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு சிரித்தீர்கள்.

கோவிலுக்கு அந்த வாரம் இரண்டு தரம் வெள்ளையடித்தோம். முதல் தரம் அடித்தது காய்வதற்குள் கரி படிந்துவிட்டது.

அந்த நாள் காலையில் அக்காதான் எனக்குச் சட்டை போட்டுவிட்டாள். அம்மா தண்ணீருக்குப் போயிருந்தாள். மனுவை நாலாக மடித்து என் மேல் பாக்கெட்டில் வைத்து ஊக்கு குத்தியிருந்தார்கள். அக்கா அந்த ஊக்கைத் தொட்டுக்கொண்டே நின்றாள்.

"டேய், அந்தக் காயிதத்தக் குடுக்காத."

"ஏன்க்கா?"

"தொலைச்சிட்டேன்னு சொல்லிடு."

"அம்மா அடிக்குமே."

"அடி ஆறிடும்டா."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "மாமா நல்லவருதானக்கா" என்றேன்.

"நல்லவருதான். அதாண்டா பேஜாரு. கெட்டவனா இருந்தா அழுது கூச்சல் போட்டிருப்பேன்." சட்டைக் காலரைச் சரி செய்தாள். "என்னிய இடுப்புல தூக்கி வெச்சிக்கினு முட்டாயி வாங்கப் போனவருடா அவரு, அம்மா கல்யாணத்த பத்தி எல்லாம் எனக்குக் கத சொன்னவரு. அவர எப்படிடா..." என்று சொல்லி நிறுத்திவிட்டாள். அதற்குள் அம்மாவின் குடம் வாசலில் வைக்கிற சத்தம் கேட்டது. அக்கா என் கன்னத்தில் பவுடரை அப்பிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வழி முழுக்க அந்த ஊக்கைத் தடவிக்கொண்டே போனேன். கழற்றிக் காகிதத்தை வாய்க்காலில் போட்டுவிட முடியும். அம்மா என் தோளைப் பிடித்திருந்தாள். ஒரு நிமிஷம்கூடக் கையை எடுக்கவில்லை.

பத்து மணிக்குக் கார் வந்தது. பேண்டுக்காரர்கள் அடித்தார்கள். நான் கர்தினால் என்றால் ராஜா மாதிரி இருப்பார் என்று நினைத்திருந்தேன். இறங்கியவர் குள்ளமான கிழவர். வெள்ளை அங்கி, சிவப்பு இடைக்கச்சை, உச்சந்தலையில் சின்னச் சிவப்புத் தொப்பி. வேர்த்து ஊற்றியது. வேறு மாநிலத்தவர், ஆனால் தமிழ் தெரியும், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினார். ஜரிகைக் குஞ்சம் தொங்கும் பட்டுக்குடையை அவர் தலைக்கு மேல் பிடிக்கிற பெருமையை உபதேசியார் மாமாவுக்கு வாங்கிக் கொடுத்திருந்தார். மாமா புது வேட்டியில் விறைப்பாக நின்றார். பின்னால் சாமியார். அக்கா பூத்தட்டு பிடித்த பெண்கள் வரிசையில் கடைசியில் நின்றாள்.

மாலையைப் போட்டேன். முட்டி போட்டேன். மோதிரம் ஜில்லென்று இருந்தது, கிரீஸ் வாசனை இல்லை. தலையைத் தூக்கினால் எதிரில் அக்கா. தலையை இப்படியும் அப்படியும் மிகவும் மெதுவாக ஆட்டினாள். திரும்பினால் அம்மா. கை விரலில் இன்னும் மை.

கொடுத்துவிட்டேன். அம்மாவுக்குப் பயந்து கொடுத்தேன், வேறு காரணம் இல்லை. ஊக்கைக் கழற்றும்போது விரலில் குத்தி, காகிதத்தின் மேல் சிறிது ரத்தம் பட்டது.

காரில் போய்ப் படித்துக்கொள்வார் என்று எல்லோரும் நினைத்தோம். அவர் அங்கேயே பிரித்தார். ஸ்டாம்பைப் பார்த்துச் சிரித்தார். பிறகு படித்தார். படித்துவிட்டுச் சாமியாரிடம் நீட்டினார். சாமியாரின் முகம் வெளுத்ததை நான் கீழே முட்டி போட்டபடியே பார்த்தேன். குனிந்து கர்தினாலின் காதில் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். இரண்டு வார்த்தைதான். பேண்டு தானாக நின்றுவிட்டது.

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். உபதேசியாரும் மைக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். கரண்டுக் கம்பத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் தெரு முழுக்கக் கேட்கும் மைக் அது. கர்தினால் அனுமதி கொடுப்பதை ஊரே கேட்க வேண்டும், பிறகு சாமியார் மறுக்க முடியாது என்பது அவர் யோசனை.

"ஆண்டவரே, எங்க சாமி ஆறு மாசமா இழுக்கறாரு" என்றாள் அம்மா. "நீங்க ஒரு கையெழுத்து போட்டா போதும். நோன்புக்குள்ள முடிச்சிருவோம்."

"அம்மா, நான் போட்டால் அது செல்லாது" என்றார் அவர். ஸ்பீக்கரில் அது பெரிதாக வந்தது.

"நீங்க பிஷப்புக்கு மேலதான ஆண்டவரே?" என்றார் உபதேசியார்.

"என் மறைமாவட்டத்தில் நான் ஆயர். இங்கே விருந்தாளி. உங்கள் ஆயர் அழைத்தார், வந்தேன். பாப்பரசர் கேட்டால் ஆலோசனை சொல்வேன். அவர் இறந்தால், எனக்கு எண்பது வயது ஆகாமல் இருந்தால், அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க ஓட்டுப் போடுவேன். அதற்குத்தான் இந்தச் சிவப்பு. அதை வைத்து அடுத்த ஆயரின் ஜனங்களுக்கு உத்தரவு போட முடியாது." சாமியாரைக் காட்டினார். "இந்த ஊர்க் கல்யாணத்தில் என்னைவிட இவருக்கு உரிமை அதிகம்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். உபதேசியாரின் ஏணி அங்கேயே சாய்ந்துவிட்டது. ஆனால் மைக்கை இறக்க அவருக்குத் தோன்றவில்லை. அப்படியே நீட்டிக்கொண்டு நின்றார்.

"எங்கே போனாலும் பாவசங்கீர்த்தனம், ஒருவர் தன் பாவத்தைச் சொல்வதை, கேட்க மட்டும் எனக்கு உரிமை உண்டு" என்றார் கர்தினால். "காது கொடுக்கிற உரிமை. பெண் யார்?"

அம்மா ஓடிப் போய் அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். பூத்தட்டில் இருந்த பூ பாதி வழியில் கொட்டியது. அக்கா முன்னால் வந்து நின்றாள். அவள் தலைக்கு மேலேயும் குடையின் நிழல் பாதி விழுந்தது. குடையைப் பிடித்திருந்த மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மகளே, இந்தக் கல்யாணத்தில் உனக்குச் சம்மதமா?"

அம்மா அக்காவின் முதுகில் விரலால் குத்தினாள். "சொல்லுடி." எனக்கு முட்டி வலித்தது, எழுந்திருக்கப் பயமாக இருந்தது. கர்தினால் அவசரப்படுத்தவில்லை. டிரைவர் கைக்கடிகாரத்தைக் காட்டியதற்கும் திரும்பவில்லை.

"இல்ல சாமி" என்றாள் அக்கா.

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். ஸ்பீக்கர் அதைக் குழாயடி வரைக்கும், ரயில் பாதை வரைக்கும் கொண்டு போனது.

குடை சாய்ந்தது. வெயில் கர்தினாலின் சிவப்புத் தொப்பியில் நேராக விழுந்தது. ஒரு குஞ்சம் அவர் காதை உரசியது. பிறகு மாமா இரண்டு கையாலும் பிடித்துக் குடையை நிமிர்த்தினார். கர்தினால் அவரை ஏறிட்டுப் பார்த்தார். இவர்தான் மாப்பிள்ளை என்று அவருக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். மாமாவின் முழங்கையைத் தொட்டார். மனுவை மடித்துத் தன் அங்கிப் பையில் வைத்துக்கொண்டு ஆசீர்வாதம் கொடுத்தார். மாமா கார் கதவு வரைக்கும் குடையை நேராகப் பிடித்துக்கொண்டே நடந்தார். கார் போன பிறகு குடையை மடக்கி ஒரு பையனிடம் கொடுத்துவிட்டு யாரையும் பார்க்காமல் போய்விட்டார்.

உங்களுக்கு மிக்சர் கொடுத்தது அதற்குப் பிறகுதான்.

சாமியார் அன்றே கோவில் வாசலில் வசவு வாங்கினார். கர்தினாலின் காதில் ஓதி நம் பெண்ணின் மனசைக் கலைத்துவிட்டார் என்றார்கள். ஆயருக்கு மொட்டைக் கடுதாசிகள் போயின. அடுத்த வருஷம் அவரை மாற்றிவிட்டார்கள். அவர் செத்த சேதி வந்த அன்றுதான், நாற்பது வயதைத் தாண்டிய அக்கா என்னிடம் விஷயத்தைச் சொன்னாள். கல்யாணப் பேச்சு எடுத்த முதல் வாரமே அவள் தனியாகப் பெரிய கோவிலுக்கு நடந்து போய் அவரிடம் அழுதிருக்கிறாள். "நான் எழுதாம இழுத்துட்டே இருக்கேன். ஆனா எத்தன நாளைக்கு? நீயே உன் வாயால வீட்ல சொல்லணும்மா" என்று சொன்னாராம். அவளுக்கு வாய் வரவில்லை. அவர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு புதுப் பொய்யோடு வந்தார். நாம் காற்றைப் பிடுங்கிய வண்டியைத் தள்ளிக்கொண்டு போனபோதும் அவர் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் அக்காவுக்குத்தான் அடி விழுந்திருக்கும்.

அடி அன்று விழத்தான் செய்தது. மத்தியானம் கதவைச் சாத்தாமலேயே அம்மா அடித்தாள். துடைப்பக் கட்டையால். "ஊர் முன்னால என் தம்பி மானத்த வாங்கிட்டியேடி" என்று சொல்லிச் சொல்லி அடித்தாள். நைனா தடுக்கவில்லை. நான் அரிசிப் பானைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். நான் கொடுத்ததால்தானே என்று ஒவ்வொரு அடிக்கும் எண்ணிக்கொண்டிருந்தேன். அக்கா என்னைப் பார்க்கவேயில்லை.

மாமா ஷிப்டு உடையில் வந்து தெருவிலேயே நின்றார். உள்ளே வரவில்லை.

"யக்கா, கைய எட்."

"நீ போடா. ஒனக்குத் தெரியாது."

"எனக்கு இன்னா தெரியாது? அது இல்லன்னு சொல்லிச்சி. ஊருக்கே கேட்டுது, ஒனக்குக் கேக்கலயா?"

"ஒன் மானம் போச்சேடா."

"என்துதான போச்சி. நானே கேக்கல, நீ இன்னாத்துக்கு அத்தப் போட்டு அடிக்கற?" அவர் குரல் உயரவில்லை. "இனிமே அது மேல கை வெச்சின்னா, எனக்கு அக்கான்னு ஒருத்தி இல்ல. இந்தத் தெருப் பக்கமே வரமாட்டேன். மாதா மேல ஆணை."

அம்மாவின் கை அப்படியே நின்றது. மில் சங்கு ஊதியது. மாமா சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். குவார்ட்டர்ஸ் அவருக்குக் கிடைக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்துத் திருவாலங்காட்டுப் பக்கம் பெண் எடுத்தார். அக்கா கன்னியாஸ்திரீகள் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு அங்கேயே பழக்கமான ஒருவரைக் கட்டிக்கொண்டு கடம்பத்தூருக்குப் போனாள். அந்தக் கல்யாணத்துக்கு முன்னால் நின்று வேலை செய்தது மாமாதான்.

அந்த நாளின் சாயங்காலத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். வெளிச்சம் இன்னும் இருந்தது. நைனா சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார். அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள், கை வீங்கியிருந்தது. அம்மா சோற்றுப் பானைக்கு முன்னால் வெகு நேரம் கரண்டியைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதாடி?" என்றாள்.

அக்கா திரும்பாமலேயே சொன்னாள். "நீ கேக்கலயேம்மா."

நைனா தட்டை நகர்த்தினார். அம்மா போடவில்லை. கரண்டியில் இருந்த சோறு ஆறிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கும் நைனாவுக்கும் கல்யாணம் ஆனபோது அம்மாவுக்குப் பதினாலு வயது என்பதை நான் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன்.

"என்னிய யார்டி கேட்டாங்க?" என்றாள் அம்மா.

அதை அக்காவிடம் சொன்னாளா, நைனாவிடம் சொன்னாளா என்று தெரியவில்லை. நைனா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அம்மா எழுந்து, அக்காவின் தட்டை எடுத்துத் துடைத்து, முதல் சோற்றை அவளுக்குப் போட்டாள். எங்கள் வீட்டில் நைனாவுக்கு முன்னால் ஒரு பெண் தட்டில் சோறு விழுந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். நைனா காலித் தட்டோடு காத்திருந்தார். அக்கா வீங்கிய கையால் பிசைய முடியாமல் இருந்தாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பிசைந்து கொடுத்தாள்.